அறுபது தாண்டிய இருவர் சிவாலய ஓட்டம் நடக்கலாமா?

கேள்வி இது: "எனக்கு 65, மனைவிக்கு 61. திருவட்டாறு பக்கம் வீடு. வரும் மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டத்தை இரண்டு பேரும் நடந்தே முடிக்க ஆசை. எனக்குச் சர்க்கரைக்கு மாத்திரை ஓடுகிறது. அவளுக்குப் பிரஷர், கூடவே முட்டுவலி. பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள். மூன்றரை மாதம் இருக்கிறது. முடியுமா? எப்படித் தயாராவது?"

நடக்கலாம். ஓட முடியாது, ஓடவும் வேண்டாம். சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறையில் கிளம்பி மறுநாள் ராத்திரிக்குள் திருநட்டாலம் என்ற கணக்கை இன்றைக்கே மறந்துவிடுங்கள். அது இருபத்தைந்து வயதுக் கால்களின் கணக்கு. நான் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இளவயதில் ஒன்பது தடவை அந்தக் கணக்கில் ஓடியிருக்கிறேன். அறுபத்து மூன்றாவது வயதில் மனைவியோடு நடந்தபோது அந்த ஒன்பது தடவை அனுபவமும் கிட்டத்தட்ட ஒன்றுக்கும் உதவவில்லை. ஓடத் தெரிந்தவனுக்குக் கூட நடக்கத் தெரியாது என்பதைக் குலசேகரத்தில் வைத்துத்தான் கற்றேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

உங்களுக்கு வழி தெரியும். தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் சிதறிக் கிடக்கும் பன்னிரண்டு சிவாலயங்கள். முஞ்சிறை திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்ற வரிசையில் வெறுங்காலோடு, காவி உடுத்து, கையில் ஓலை விசிறியும் இடுப்பில் திருநீற்றுப் பையுமாகப் போவது. கிலோமீட்டர் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், குறுக்கு வழியைப் பொறுத்தது. 110 என்று வைத்துக்கொண்டு தயாரானால் ஏமாற மாட்டீர்கள்.

சிவன் கோவிலுக்கு ஓடும்போது ஏன் 'கோவிந்தா, கோபாலா' என்று கூப்பிடுகிறோம் என்று கேட்டால் எல்லாரும் பீமன் கதையைச் சொல்வார்கள். தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். அதுவோ சிவனைத் தவிர வேறு பெயரைக் காதால் கேட்கப் பொறுக்காத மிருகம். கண்ணன் பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறான். கோவிந்தா கோபாலா என்று பீமன் கூவ, மிருகம் துரத்துகிறது. நெருங்கி வரும்போதெல்லாம் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிவிடும். மிருகம் நின்று, குளித்து, பூசை செய்துவிட்டுத்தான் மறுபடி துரத்தும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பீமனின் ஓட்டத்தையே பெரிதாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ பீமனைக் காப்பாற்றியது கால் இல்லை, இடையில் கிடைத்த அந்தப் பன்னிரண்டு நிறுத்தங்கள்தான் என்று படுகிறது. உங்கள் திட்டத்தை முழுக்க அந்த நிறுத்தங்களைச் சுற்றிக் கட்டுங்கள்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் வயதில் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும் வேகம் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர். 110-ஐ அதனால் வகுத்தால் 31 மணி நேரம் சுத்த நடை மட்டும். குளிப்பதும் கும்பிடுவதும் சாயா குடிப்பதும் இதில் சேராது. இதை நான்கு நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே சிவராத்திரிக்கு மூன்று நாள் முன்பே முஞ்சிறையில் விடியற்காலை தொடங்குங்கள். முதல் நாள் மார்த்தாண்டம், திக்குறிச்சி, சிதறால், அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு. இது நீளமான நாள், கால் புதிதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இரண்டாம் நாள் திருநந்திக்கரையும் பொன்மனையும் மட்டும். தூரம் குறைவு, ஆனால் ஏற்ற இறக்கம். மூன்றாம் நாள் பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, வில்லுக்குறிப் பக்கம் திருவிடைக்கோடு. சிவராத்திரியன்று திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். கடைசி நாள் வெயில் தாழக் கிளம்பினால் முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறையில் தொடங்கி ஓடி வருகிற பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள். கூட்டத்தோடு கூட்டமாக, அதே சிவராத்திரி இரவில், அதே கடைசிக் கோவிலில் நீங்களும் நிற்பீர்கள்.

இதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி. பழனிக்கோ சபரிமலைக்கோ நடந்தால் வழியில் தங்க இடம் தேட வேண்டும். இங்கே பன்னிரண்டு கோவிலில் எதிலிருந்தும் உங்கள் வீட்டுக்கு வண்டியில் ஒரு மணி நேரம் ஆகாது. சாயங்காலம் நடையை நிறுத்திய இடத்தில் மகன் வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். சொந்தக் கட்டிலில், சொந்தத் தலையணையில் படுத்து, காலையில் அதே இடத்தில் இறங்கித் தொடருங்கள். ஓட்டம் என்றால் விடாமல் போக வேண்டும், வீட்டுக்குத் திரும்பினால் பலன் போய்விடும் என்று யாராவது சொன்னால், ஊரில் பாதிப் பேர் பைக்கிலும் வேனிலும் சுற்றி வருகிறார்கள் என்பதை நினைவூட்டுங்கள். நீங்கள் ஒரு அடியைக்கூட வண்டிக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

முன்கூட்டியே நடப்பதில் இரண்டு குறைகள் உண்டு. வழியில் மோரும் பானகமும் சுக்குநீரும் கஞ்சியும் கொடுக்கிற பந்தல்கள் ஓட்ட நாளில்தான் இருக்கும். முதல் இரண்டு நாள் சாப்பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கோவில் நடை. ஓட்டத்தன்று ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் கோவில்கள் சாதாரண நாளில் மத்தியானம் சாத்தியிருக்கும், மறுபடி சாயங்காலம்தான். முன்னால் ஒருமுறை போய் நடை திறக்கும் நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மைல் தள்ளி வந்து சாத்திய கதவைக் கும்பிடும்போது வருகிற கோபம் விரதத்துக்கு நல்லதில்லை.

இப்போது உடம்பு. இந்த வாரமே இரண்டு பேரும் டாக்டரைப் பாருங்கள். போய் 'நடக்கலாமா' என்று கேட்காதீர்கள். நடங்க, நல்லது என்று சொல்லி அனுப்பிவிடுவார். 'நான்கு நாள் தொடர்ந்து, தினமும் 25 கிலோமீட்டருக்கு மேல், மாசி வெயிலில்' என்று சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் இ.சி.ஜி. போதுமா, டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று அவர் யோசிப்பார். உங்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் சர்க்கரை மாத்திரையின் பெயர். மெட்பார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று தாழ்கிற பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால், நீண்ட நடையும் விரதமும் சேர்ந்து சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடலாம். நடை நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். இரண்டு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற பரிசோதனை. மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டு நிமிட வேலை. அதில் தொட்டது தெரியவில்லை என்றால் வெறுங்கால் பேச்சே வேண்டாம். தார் சுட்டுக் கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும்.

வீட்டம்மாவுக்கு: பிரஷர் மாத்திரையில் நீர் போகிற மாத்திரை கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வெயிலில் உப்பும் நீரும் சீக்கிரம் வற்றும். முட்டுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபென் மாதிரியான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நடப்பது பலரும் செய்கிற தப்பு. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், பிரஷரையும் ஏற்றும். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால். அதுவும் தாங்கவில்லை என்றால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது.

பயிற்சிக்கு வருவோம். மூன்றரை மாதம் போதும். ஆனால் அதில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அடங்கும் என்பதால் நாளைக்கே தொடங்க வேண்டும். முதல் மூன்று, நான்கு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணியில் தொடங்கி முக்கால் மணி. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் மூட்டும் பாதத்தின் தோலும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்கள்தான் குதிகால் வலியோடு தை மாதத்தில் கட்டிலில் கிடப்பார்கள்.

அதன்பிறகு வாரத்தில் ஒரு நாளை மட்டும் நீண்ட நடைக்கு ஒதுக்குங்கள். 6 கிலோமீட்டரில் தொடங்கி 8, 10 என்று கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, மறுபடி 12, 15, 18 என்று 22 வரை போனால் போதும். மொத்தத் தூரத்தையும் ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சிவராத்திரிக்கு மூன்று வாரம் முன்பு சனி 18, ஞாயிறு 15 என்று அடுத்தடுத்த நாள் ஒருமுறை கட்டாயம் நடக்க வேண்டும். ஒரு நாள் நடப்பது யாராலும் முடியும். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்தடி வைக்கும்போது உடம்பு என்ன சொல்கிறது என்பதே உங்களுக்கான பரீட்சை. கடைசிப் பத்து நாள் நடையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

எங்கே நடப்பது? மழை விட்ட நாட்களில் பட்டணங்கால் வாய்க்கால் கரை நல்லது, தட்டையாக இருக்கும், வண்டி குறைவு. நீங்கள் திருவட்டாறு என்பதால் மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம்தான். பாலத்தின் மேலே நடப்பதைவிட அங்கிருந்து ஆற்றுக்கு இறங்குகிற படிகள்தான் உங்களுக்கு வேலை. நம் பக்கத்துச் சாலை நாஞ்சில் நாட்டு வயல்வெளி மாதிரி இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் எல்லாம் குன்றும் பள்ளமும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடைத் தசையும் முட்டும் அடி வாங்கும். முட்டுவலிக்காரர்கள் ஏற்றத்துக்குப் பயப்படுவார்கள், உண்மையில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. ஆகவே இறங்கிப் பழக வேண்டும், சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடித்து. வீட்டில் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து தடவை, காலையும் மாலையும் வீட்டம்மா செய்யட்டும். முட்டுத் தேய்மானத்துக்கு தொடைத் தசையை வலுவாக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு கம்பும் வேண்டும். வலிக்கிற முட்டு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வலிக்கிற பக்கத்திலேயே பிடிப்பார்கள்.

தை மாதத்தில் நீண்ட நடைகளை நிஜப் பாதையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு முஞ்சிறை முதல் திக்குறிச்சி, இன்னொரு ஞாயிறு கல்குளம் முதல் திருவிடைக்கோடு என்று. எந்தத் திருப்பத்தில் சாயாக்கடை, எங்கே கழிப்பறை, எந்த வீட்டு நாய் குரைக்கும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். கழிப்பறை விஷயத்தைப் பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். வழியில் இடம் இருக்காது என்று தண்ணீர் குடிக்காமலே நடப்பார்கள். என் மனைவி அப்படித்தான் முதல் நாளே தலைவலியும் மயக்கமுமாகப் படுத்தாள். வழியில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளை இப்போதே குறித்து வையுங்கள்.

அந்தச் சமயம் குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கலாம். நிழல் இருக்கும் என்று நம்பிப் போகிற விளைகளில் வெயில் நேராக இறங்கும். காலை ஐந்தில் இருந்து பத்து வரை, மாலை நான்கில் இருந்து எட்டு வரை நடந்து, நடுவில் படுத்துக்கொள்வதுதான் சரி. திருநந்திக்கரையில் குடைவரைக் கோவில் இருக்கிறது, பழைய சுவர் ஓவியத்தின் மிச்சமும் இருக்கிறது. ஓடிய காலத்தில் ஒரு தடவை கூட நான் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. நடந்தபோது அந்தப் பாறை நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். 'கோவிந்தா, கோபாலா' என்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் முழுசாக வந்தால் வேகம் சரி. 'கோவிந்தா'வோடு மூச்சு நின்றால் மெதுவாக்குங்கள்.

இனி அந்தக் குலசேகரம் கதை. நான் வேகமாக நடக்கிறவன், அவள் மெதுவாக. முதல் தடவை நடந்தபோது நான் முன்னால் போய்ப் போய், திரும்பிப் பார்த்து, அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பினேன். இதில் என்ன தப்பு என்று தோன்றும். நான் நின்ற நேரமெல்லாம் எனக்கு ஓய்வு. அவள் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிட்டதால் அவளுக்கு ஓய்வே இல்லை. குலசேகரம் சந்திப்பில் ஒரு சாயாக்கடைக்குள் நான் போனேன். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். என் போனில் சார்ஜ் இல்லை. அவளுக்கு என் நம்பர் மனப்பாடம் இல்லை, அவள் போன் என் பையில். இரண்டு மணி நேரம் ஒருவரை ஒருவர் தேடினோம். கண்டபோது அவள் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாட்டைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். மெதுவாக நடக்கிறவர் முன்னால், வேகமானவர் பின்னால். முதலில் எரிச்சலாக இருக்கும், வண்டியை இரண்டாவது கியரிலேயே ஓட்டுகிற மாதிரி. ஒரு வாரத்தில் கால் பழகிவிடும். 50 நிமிடம் நடை, 10 நிமிடம் உட்காருதல், வலிக்கவில்லை என்றாலும் உட்கார வேண்டும். நிற்கலாம் என்று இருவரில் யார் சொன்னாலும் உடனே நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று சொல்லவே கூடாது. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இது லேசில்லை. வாழ்க்கை முழுக்க அந்த 'இன்னும் கொஞ்சம்'தான் சொல்லியே ஓட்டியிருப்போம். அதனால்தான் இதையும் பயிற்சி நடையிலேயே பழகச் சொல்கிறேன். ஒவ்வொரு கோவிலிலும் கூட்டத்தில் பிரிந்தால் எங்கே நிற்பது என்று முன்பே பேசி வையுங்கள், கொடிமரம் வேண்டாம், எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். வாசலுக்கு வெளியே முதல் கடை என்று வைத்துக்கொள்ளலாம். அவரவர் போன் அவரவரிடம். மகன் நம்பரும், நோயும் மாத்திரையும் எழுதிய சீட்டும் பிளாஸ்டிக் உறையில் இரண்டு பேர் இடுப்பிலும் இருக்கட்டும். உங்கள் மாத்திரை வீட்டம்மாவுக்கும் அவர் மாத்திரை உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெறுங்கால் பற்றிக் கேட்பீர்கள். சம்பிரதாயம் வெறுங்கால்தான். என் கருத்து, கோவில் எல்லைக்குள்ளும், முதல் கோவிலிலும் கடைசிக் கோவிலிலும் சேர்வதற்கு முன்னால் ஒரு அரைக் கிலோமீட்டரும், காலை வெயிலுக்கு முன்பும் வெறுங்கால் போதும். மற்ற நேரம் பின்னால் பட்டை வைத்த செருப்பு. ஷூ வேண்டாம் என்பதற்குக் காரணம், குளித்தும் கால் கழுவியும் ஈரக் காலோடுதான் நாள் முழுக்க நடப்பீர்கள். சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு அளவு தாராளமாக வாங்குங்கள், நடந்தால் பாதம் வீங்கும். மார்கழிக்குள் வாங்கி நூறு கிலோமீட்டராவது அதோடு நடந்திருக்க வேண்டும். உங்கள் பாதப் பரிசோதனை சரியாக இருந்தால் முற்றத்து மண்ணில் தினமும் பத்து நிமிடம் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். நகத்தை நான்கு நாள் முன்பே நேராக வெட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரலிடுக்கைத் துடையுங்கள். ஓரிடத்தில் சூடாக உறுத்த ஆரம்பித்தால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், அடுத்த கோவிலில் பார்க்கலாம் என்றால் அதற்குள் கொப்புளம் எழும்பிவிடும். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள். சர்க்கரைக்காரர் குத்தவும் கூடாது.

ஈர வேட்டியோடு ஓடுவது இன்னொரு வழக்கம். பத்து கிலோமீட்டரில் தொடை உரசிப் புண்ணாகிவிடும். தேங்காயெண்ணெயோ வாசலினோ முன்னாலேயே தடவி, குளித்ததும் உலர்ந்த துணி மாற்றிவிடுங்கள். பன்னிரண்டு இடத்திலும் முங்கிக் குளிக்க வேண்டாம். நான்கு இடத்தில் குளித்து, மற்ற இடத்தில் கைகால் முகம் கழுவித் தலையில் நீர் தெளித்துக்கொண்டோம். குளத்துப் படியில்தான் எனக்கு ரோட்டைவிடப் பயம். பாசி பிடித்த படி, ஈரக் கால், இருட்டு, பின்னாலிருந்து தள்ளுகிற கூட்டம். உங்கள் வயதில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் நடையே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள், முடிந்தால் செம்பில் மொண்டு கரையிலேயே குளியுங்கள். திற்பரப்பில் அருவிப் பாறைப் பக்கம் போகவே வேண்டாம்.

விரதத்தை ஏழு நாள் சைவமாக, ஒரு பொழுதாக இருப்பவர்கள் உண்டு. நீங்கள் சைவத்தை வைத்துக்கொள்ளுங்கள், பட்டினியை விடுங்கள். நடை நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் வயிற்றுக்குப் போக வேண்டும். பயறும் கஞ்சியும், அவித்த மரச்சீனிக் கிழங்கு கொஞ்சம், மட்டி வாழைப்பழம் ஒன்று. கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை உடனே வாயில் போட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி பரிசோதித்துவிட்டுத்தான் எழ வேண்டும். அந்தப் பொட்டலம் உங்கள் பையில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டம்மா பையிலும் இருக்கட்டும். அந்த நேரத்தில் உங்களுக்கு உங்கள் பை எங்கே என்றே தெரியாது.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு. ஆனால் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், குழப்பம் வரும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ நடுநடுவே வேண்டும். வீட்டில் கரைப்பதென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இளநீர் நல்லது, ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் சில வகைப் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறையக் குடிக்கக் கூடாது.

சாலையில் எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடங்கள். நம் ஊர் ரோட்டின் அகலமும் டிப்பர் லாரியின் அகலமும் உங்களுக்குத் தெரியும். பையின் பின்னால் ஒளியை எதிரொளிக்கும் பட்டை ஒட்டி, கையில் டார்ச். மகன் உங்கள் பின்னாலேயே காரை ஊர்ந்து ஓட்ட வேண்டாம், அது மற்றவர்களுக்கு ஆபத்து. அடுத்த கோவிலில் காத்திருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம், காரணமில்லாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை இதில் எது வந்தாலும் வாயுப் பிடிப்பு என்று சோடா குடிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கல்குளத்தோடு முடியவில்லை என்றால்? எங்கள் முதல் தடவை மேலாங்கோட்டில் நின்றுவிட்டோம், அவள் முட்டு வீங்கிவிட்டது. மற்ற நான்கையும் காரில் போய்க் கும்பிட்டோம். அடுத்த வருஷம் மறுபடி முஞ்சிறையிலிருந்து நடந்து முடித்தோம். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். எந்த இடத்திலும் நிறுத்திவிடுவோம் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவர்கள் பயம் குறையும். தை கடைசியில் அந்த இரண்டு நாள் தொடர் நடையை முடித்துக் காட்டுங்கள். அதை முடிக்க முடியாவிட்டால் இந்த வருஷம் கல்குளத்தில் தொடங்கித் திருநட்டாலம் வரை மட்டும் நடக்கலாம், ஆறு கோவில்.

திருநட்டாலத்தில் கும்பிட்டு வெளியே வந்தால் ஒருவித மிதப்பு இருக்கும், தூக்கமே வராது போல. அதை நம்பி உங்களில் யாரும் வண்டி ஓட்டாதீர்கள். உலர்ந்த துணியும் போர்வையும் காரில் தயாராக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை ஊறப்போட வேண்டாம், சர்க்கரைக்காரருக்குச் சூடு தெரியாது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, வெளிச்சத்தில் ஒருவர் பாதத்தை மற்றவர் பார்க்க வேண்டும், ஒரு வாரம் தினமும். உள்ளங்காலைத் தானே குனிந்து பார்க்கிற வயது நமக்குப் போய்விட்டது. காரில் முன் சீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டோம். கால் நீட்டப் பின் சீட்டுதான் நல்லது, அதை வீட்டம்மாவுக்கு விட்டுவிடுங்கள்.